நாற்பத்தெட்டுப் படங்கள்

பானம் அடைக்கும் தொழிற்சாலையில் அவருக்கு நொட்டையார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயருக்கு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் வேலையில்லை. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறவர்களை ஊரே கரித்துக்கொட்டும். ஆனால் நொட்டை சொல்வதற்கென்றே ஒரு கம்பெனி ஒருவரை இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்தது என்றால் அது இவரைத்தான். கண்ணாடி பாட்டில்கள் நிமிடத்துக்கு முந்நூறு வீதம் பெல்ட்டில் ஓடிவரும். எங்கோ ஒரு வளைவில் ஒன்று சாயும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி விழும். விழுந்ததை எல்லாரும் பார்ப்பார்கள். ஏன் விழுந்தது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. நொட்டையார் அதிவேகக் கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தி, நொடிக்கு ஆயிரம் படம் எடுத்து, அதை ஆமை வேகத்தில் ஓட்டிப் பார்த்து, “மூணாவது வளைவுல ஓரத் தடுப்புக் கம்பி ஒரு நூல் உள்ளே தள்ளியிருக்கு” என்பார். மெக்கானிக் போய் அளந்தால் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளித்தான் இருக்கும்.

அந்த வருடத் தொடக்கத்தில் கம்பெனி புதுக் கேமரா வாங்கியது. பழையது ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. “எடுத்துட்டுப் போங்க சார், இங்கே சும்மா தூசி தின்னுட்டுக் கிடக்கு” என்றார் மேனேஜர். நொட்டையார் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். இத்தனை வருடத்தில் பாட்டிலைத் தவிர வேறெதையும் அந்தக் கேமராவில் பார்த்ததில்லை அவர். தண்ணீர் எப்படிச் சொட்டுகிறது, முட்டை எப்படி உடைகிறது என்றெல்லாம் பார்க்க ஆசை. ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வந்த முதல் பொழுதுபோக்கு அது.

“பாட்டில் உடையறதை அங்கே பார்த்தது போதாதா? வீட்டிலயும் உடைக்கணுமா?” என்று கேட்டாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கேட்டாளே தவிர, சாப்பாட்டு மேஜையைக் காலி செய்ததும், பழைய கறுப்புத் துணியைத் தேடியெடுத்து இஸ்திரி போட்டுப் பின்னால் தொங்கவிட்டதும் அவள்தான்.

முதல் முயற்சி சொதப்பல். தட்டில் விழும் தண்ணீர்ச் சொட்டை எடுத்தார்கள். திரையில் ஓட்டினால் சொட்டைக் காணோம். மங்கலாக ஏதோ ஒன்று, அதுவும் பளிச்சென்று தெரிவதும் இருட்டுவதுமாக. டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது, நம் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை என்று டீச்சருக்கு விளக்கினார். “அப்போ இத்தனை வருஷமா இருட்டிலயும் தான் இருந்திருக்கோம்னு சொல்லுங்க” என்றாள் அவள். பேட்டரியில் எரியும் இரண்டு விளக்குகள் வந்தன. நொடிக்கு ஆயிரம் படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் கொஞ்சமோ கொஞ்சம், அதனால் விளக்கைச் சொட்டுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து வைக்க வேண்டும். சொட்டு விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி லென்ஸைச் சரிசெய்துகொண்டு, பிறகு பென்சிலை எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் பழக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான்காவது ஞாயிறு, சொட்டு விழுந்து, தண்ணீர் எழும்பி, விளிம்பெல்லாம் முத்துக் கோத்த கிரீடம் ஒன்று திரையில் மெல்ல நின்று மெல்லச் சரிந்தது. டீச்சர் கைதட்டினாள், ஒன்றாம் வகுப்பில் தட்டுவது போலவே.

அந்தக் கேமராவில் இன்னொரு வசதி உண்டு. அது எந்நேரமும் எடுத்துக்கொண்டே இருக்கும், பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். நடக்க வேண்டியது நடந்து முடிந்த பிறகு பொத்தானை அமுக்கினால் போதும், கடைசி நான்கு நொடியை அப்படியே தக்கவைத்துத் தரும். “நடந்து முடிஞ்சதைத் திருப்பிக் குடுக்குமா? உலகத்துல எந்த மிஷின் அப்படிக் குடுக்குது?” என்று அதிசயப்பட்டாள் டீச்சர். முட்டை உடைத்தார்கள், ஃப்யூஸ் போன பல்பை உடைத்தார்கள், தண்ணீர் நிரப்பிய பலூனை உடைத்தார்கள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஃபோனில், “ரெண்டு பேரும் வீட்டை மிச்சம் வைங்கப்பா” என்று கிண்டல் செய்தாள்.

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிவப்புப் பலூனில் தண்ணீர் நிரப்பிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தது. வலது கையில் ஊசியோடு டீச்சர் அதன் பக்கத்தில் நின்றாள். குத்தினாள். தண்ணீர் ஒரு கணம் பலூன் வடிவிலேயே அந்தரத்தில் நின்றுவிட்டுத் தரையில் கொட்டியது. “சபாஷ் டீச்சரம்மா!” என்று நொட்டையார் கத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவர் பொத்தானை அமுக்கினார்.

அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் படத்தை ஓட்டினார். பலூனின் தோல் உரிந்தது, தண்ணீர் நின்றது, எல்லாம் அருமை. நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? கடைசிவரை ஓட்டினார். டீச்சர் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பு வருவதற்கு முன்னால் வேறொரு முகம் வந்தது. மூக்கு சுருங்கி, மேலுதடு ஒரு பக்கம் இழுத்து, கண் இடுங்கி, ஏதோ அழுகலைக் கண்டதுபோல் ஒரு முகம். பிறகு அதை மூடிக்கொண்டு சிரிப்பு வந்தது. எண்ணிப் பார்த்தார். நாற்பத்தெட்டுப் படங்கள். நிஜத்தில் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, திரையில் இரண்டு நொடி. இரண்டு நொடி முழுக்க அவருடைய மனைவி அவரை நேருக்கு நேர் பார்த்து முகம் சுளித்திருந்தாள்.

“எப்படி வந்திருக்கு?” என்று ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

“நல்லா வந்திருக்கு” என்று சொல்லித் திரையை மூடினார்.

அன்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தொழிற்சாலையில் பாட்டில் விழுந்தால் பாட்டிலைக் கூப்பிட்டு ‘ஏனப்பா விழுந்தாய்’ என்று யாரும் கேட்பதில்லை. படம் எடுக்க வேண்டும், எண்ண வேண்டும், முடிவு சொல்ல வேண்டும். ஒன்று விழுந்தால் விபத்து, மூன்று விழுந்தால் காரணம் என்பது அங்கே விதி. கட்டிய மனைவி பாட்டில் அல்ல, வாயுள்ள ஜீவன், கேட்டால் சொல்வாள் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஞாயிறு இன்னொரு பலூன். அதற்கடுத்த ஞாயிறு காகிதப் பை. பலூனும் பையும் சாக்கு. கேமரா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்து கூப்பிட்டு அவளைத் தன் பக்கம் திரும்பவைத்தார். ஒவ்வொரு தடவையும் சிரிப்புக்கு முன்னால் அந்த முகம் வந்தது. ஆயிரம் படம் போதவில்லை அவருக்கு. நாலாயிரம் வேண்டும் என்று அந்த இரண்டாவது ஞாயிறுக்கு முன்னாலேயே தோன்றிவிட்டது. அந்தக் கேமராவில் வேகம் வேண்டுமென்றால் படத்தின் உயரத்தை வெட்ட வேண்டும். முழுப் படம் என்றால் ஆயிரம்தான். கால் பங்கு உயரம் போதும் என்றால் நாலாயிரம் தரும். தொழிற்சாலையில் பாட்டிலின் கழுத்தை மட்டும் பார்க்க அப்படித்தான் வெட்டுவார். வீட்டிலும் வெட்டினார். திரையில் டீச்சர் புருவத்திலிருந்து உதடுவரை ஒரு பட்டையாக மட்டும் இருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பட்டையைப் பார்த்தார். அந்த முகம் எழுந்து, நின்று, அவள் அதை உள்ளே தள்ளிவிட்டுச் சிரிப்பைக் கொண்டுவருவதுவரை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

“பசங்க முதல்ல புத்தகத்தைப் படிக்க மாட்டாங்க, டீச்சர் முகத்தைத்தான் படிப்பாங்க. அவங்க முன்னால முகம் சுளிக்கவே கூடாது” என்று அவள் பல வருடம் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருடப் பயிற்சி. அப்படியானால் தன்னிடமும் இவ்வளவு காலம் அப்படித்தான் நடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் குறுஞ்செய்தி படித்துச் சிரித்தால் பேய், குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் பேய், தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தால் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அதுவும் பேய்.

கேமராவையும், படம் ஓட்டிப் பார்க்கும் லேப்டாப்பையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். முதுகு வலி என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார். பேச்சு, உப்பு இருக்கிறதா, கேஸ் வந்ததா என்ற அளவுக்குச் சுருங்கியது. சண்டை போட்டிருந்தால்கூட நல்லது. சண்டையில் உண்மை வெளியே வந்துவிடும். இவர் சாதுவாக, மரியாதையாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினார்.

“ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?”

“எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கறுப்புத் துணியை எடுத்து மாட்டினாள். மேஜையைத் துடைத்தாள். பலூன் பாக்கெட்டை வாங்கி வந்திருந்தாள், மஞ்சள் நிறம். “இன்னைக்கு எதையாவது உடைக்கலாமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம். அலுத்துப்போச்சு” என்றார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் துணியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்ச நாளாவே சொல்லணும்னு நினைச்சுட்டு இருக்கேன்” என்றாள். வந்துவிட்டது, அந்த முகத்துக்கு இப்போது வார்த்தை வரப்போகிறது, இனி உன்னோடு இருக்க முடியாது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். அவளை இழப்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பயம். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு கூத்தும்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசலாம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் மாதம் தலைமை ஆசிரியை ஃபோன் செய்தார். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு பிள்ளை கூப்பிட்டதென்று திரும்பியிருக்கிறாள், அப்படியே சுருண்டு விழுந்துவிட்டாள். நொட்டையார் அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் இடது பக்கம் பெரிய கட்டி என்றார்கள். சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து பேசுவார் என்றார்கள்.

மகள் கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். அம்மா கண்ணயர்ந்திருந்த நேரத்தில் அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“வலிக்குதுன்னு அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

“இல்லம்மா.”

“எனக்கும் இன்னைக்குத்தான் சொன்னாங்க. திரும்பினா, குனிஞ்சா சுருக்குன்னு பிடிக்குமாம். சாப்பாடே இறங்கலையாம். ‘அப்பா ஏற்கெனவே எதையோ மனசுல போட்டுப் புழுங்கிட்டு இருக்கார், இதுல நான் வேறயா’ன்னு இருந்துட்டாங்களாம். என்னப்பா அப்படி மனசுல போட்டுட்டீங்க?”

திரும்பினால் பிடிக்கும் என்ற வார்த்தைக்குப் பிறகு மகள் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. துணிமணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். துணியை எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து லேப்டாப்பை எடுத்து, மேஜைமேல் வைத்து, கோப்புகளைத் தேடினார். எல்லாம் பட்டைகள். புருவம், கண், மூக்கு, உதடு. வேகத்துக்காக மற்றதையெல்லாம் அவரே வெட்டியிருந்தார். முழு உயரத்தில் முகம் தெரிய எடுத்தது ஒன்றே ஒன்றுதான்: மார்ச் பதினேழு, நாலு மணி பன்னிரண்டு நிமிடம், அந்தச் சிவப்புப் பலூன்.

ஓட்டினார். விளக்கு பலூன்மேல் இருந்ததால் படத்தின் கீழ் மூலை இருட்டாக இருந்தது. திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினார். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் திரும்பினாள். அவளுடைய இடது கை ஊசி இல்லாத கை. அது தொங்கிக்கொண்டிருந்தது, முகம் சுருங்க ஆரம்பிப்பதற்கு ஆறு படம் முன்னாலேயே துள்ளி எழுந்து, விலாவுக்குக் கீழே போய்ப் பதிந்தது. ஐந்து விரலும் துணியோடு சதையைக் கவ்விப் பிடித்தன. நாற்பத்தெட்டுப் படம் அப்படியே பிடித்திருந்தன. பிறகு சிரிப்பு வந்தது, கை இறங்கியது. முழுப் பூசணிக்காய் மாதிரி ஒரு கை அவர் கண் முன்னால் ஏழு மாதமாகக் கிடந்திருக்கிறது. ஒரு நூல் தள்ளியிருப்பதைக் கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

ஆறு படம் முன்னால் என்று அவர் எண்ணியதைப் பாருங்கள். அந்த நேரத்திலும் எண்ணினார். வேறெப்படி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகுதான் அழுகை வந்தது. சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில், வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் நொட்டையார். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் டாக்டரைப் பார்த்ததும் சிரித்தாள்.

“எப்பலேர்ந்தும்மா வலி?”

“ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்கும் டாக்டர்.” அதைச் சொல்லும்போது ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் கவலைப்படக் கூடாதே என்று குறைத்துச் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

“யோசிச்சுச் சொல்லுங்க. ஒன்றரை மாசத்துல இவ்வளவு பெரிசாயிருந்தா அது வேகமா வளர்ற வகை. ரொம்ப நாளாவே இருந்திருந்தா வேற மாதிரி. அதை வெச்சுத்தான் என்ன வைத்தியம்னு நாங்க முடிவு பண்ணணும். உத்தேசமா சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“ஒன்றரை மாசம்தான் டாக்டர்” என்றாள் மறுபடியும்.

டாக்டர் எழுதப் போனார். நொட்டையார் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். தப்பான கணக்கை வைத்து அவளுக்கு வைத்தியம் நடக்கும். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்தார்.

“இல்ல டாக்டர், ஒன்றரை மாசம் இல்ல” என்றார். “மார்ச் மாசம் பதினேழாம் தேதி. அன்னைக்கே வலி இருந்தது. அப்புறம் மார்ச் இருபத்தி நாலு, முப்பத்தி ஒண்ணு, ஏப்ரல்ல ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் திரும்பினப்ப.”

டாக்டர் நிமிர்ந்தார். “இவ்வளவு துல்லியமா எப்படிச் சார்?”

“படம் இருக்கு.”

“அப்பா?” என்றாள் மகள்.

டீச்சர் தலையணையில் தலையைத் திருப்பினாள். அவளுக்கு அது வலித்தது. அவரைப் பார்த்தாள்.

“மார்ச்லேர்ந்தா? உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?” என்றாள். “தெரிஞ்சுதான் ஹால்ல போய்ப் படுத்தீங்களா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வலி என்று தெரியாது என்று சொன்னால், பின்னே என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்பாள். அதற்கும் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: நீ என்னை வெறுக்கிறாய் என்று நினைத்தேன், அதற்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். வலியில் துடித்தவளை வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் திரும்பவைத்து, நாலாயிரம் படம் எடுத்து, எண்ணிக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தது என்பதா, இதுவா, இரண்டு பதிலில் எது கொடுமை குறைந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

டீச்சரின் மூக்கு சுருங்கியது. மேலுதடு ஒரு பக்கம் இழுத்தது. கண் இடுங்கியது. அவர் இடது கையைப் பார்த்தார். அது போர்வைமேல் விரல் மடங்காமல் சும்மா கிடந்தது.

அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். டாக்டர் எழுதி முடித்துவிட்டுப் போனார், மகள் அவர் பின்னாலேயே போனாள். அந்த முகம் அப்படியே இருந்தது.